புகையைத் திரும்பக் குடிக்கும் எஞ்சின்: இ.ஜி.ஆர். எப்படி வேலை செய்கிறது?

கம்ப்யூட்டர் இதழில் கார் எஞ்சினுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இன்று ஷோரூமிலிருந்து வெளியே வரும் எந்தக் காரை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் ஒரு கம்ப்யூட்டராவது இருக்கிறது. டேஷ்போர்டில் பாட்டுப் போடும் திரையைச் சொல்லவில்லை. எஞ்சினுக்கு எவ்வளவு எரிபொருள், எப்போது, எவ்வளவு காற்று என்று ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் இ.சி.யூ. என்ற சின்னப் பெட்டியைச் சொல்கிறேன். அதற்கும் பிராஸஸர் உண்டு, மெமரி உண்டு, ஸாஃப்ட்வேர் உண்டு. இல்லாதது மானிட்டரும் கீபோர்டும்தான்.

அந்தப் பெட்டி கட்டுப்படுத்தும் பாகங்களில் அதிகம் திட்டு வாங்குவது இ.ஜி.ஆர். வால்வுதான். ஆங்கிலத்தில் எக்ஸாஸ்ட் கேஸ் ரீசர்குலேஷன் என்பார்கள். எஞ்சின் வெளியே தள்ளும் புகையில் ஒரு பகுதியைப் பிடித்து, மறுபடியும் எஞ்சினுக்குள்ளேயே அனுப்பும் ஏற்பாடு இது. "வெளியே போன புகையை எதற்கு உள்ளே விட வேண்டும்? எஞ்சின் கெட்டுப் போகாதா?" என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதிலைப் படிப்படியாகப் பார்ப்போம்.

கண்ணுக்குத் தெரியாத நாக்ஸ்

நாம் சுவாசிக்கும் காற்றில் சுமார் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்ஸிஜன். எஞ்சினுக்குத் தேவை ஆக்ஸிஜன் மட்டும்தான். ஆனால் அதை மட்டும் தனியாகப் பிரித்து எடுக்க முடியாதே! நைட்ரஜனும் கூடவே உள்ளே போகிறது.

சாதாரண வெப்பத்தில் நைட்ரஜன் பரம சாது. எதனுடனும் சேராது. ஆனால் சிலிண்டருக்குள் எரிபொருள் எரியும் அந்த நொடிப்பொழுதில் தீயின் வெப்பநிலை 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடுகிறது. சுமார் 1500 டிகிரிக்கு மேல் போனாலே நைட்ரஜன் தன் குணத்தை மாற்றிக்கொள்ளும். ஆக்ஸிஜனுடன் சேர்ந்து நைட்ரிக் ஆக்ஸைடும், பிறகு நைட்ரஜன் டை ஆக்ஸைடும் உருவாகின்றன. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் சுருக்கமாக நாக்ஸ் என்கிறோம். வெப்பம் கொஞ்சம் கூடினால் நாக்ஸ் பல மடங்கு கூடும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம்.

கரும்புகை கண்ணுக்குத் தெரியும், மூக்கைப் பொத்திக்கொள்வோம். ஆனால் சைலன்ஸரிலிருந்து வரும் நாக்ஸை நாம் பார்க்க முடியாது. நைட்ரஜன் டை ஆக்ஸைடு நுரையீரலை எரிச்சலூட்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இன்னும் சிரமம். அது மட்டுமல்ல, வெயிலில் மற்ற வாயுக்களுடன் சேர்ந்து தரைமட்ட ஓசோனாகவும் மாறும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் புகைமூட்டத்துக்கு இதுதான் காரணம் என்று ஹாகன்-ஸ்மிட் என்ற விஞ்ஞானி 1950களின் தொடக்கத்தில் காட்டினார். அதன் தொடர்ச்சியாக வந்த சட்டங்களால் 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க கார்களில் இ.ஜி.ஆர். நுழைந்தது. வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத நம் சென்னையில் இந்த விஷயம் எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

புகை எப்படித் தீயைத் தணிக்கிறது?

விறகடுப்பு கொழுந்துவிட்டு எரிந்தால் என்ன செய்வோம்? காற்று போகும் வழியைக் கொஞ்சம் அடைப்போம். இ.ஜி.ஆரும் ஏறக்குறைய அதைத்தான் செய்கிறது.

எரிந்து முடிந்த புகையில் பெரும்பாலும் நைட்ரஜன், கார்பன் டை ஆக்ஸைடு, நீராவி ஆகியவை இருக்கும். இவை மறுபடி எரியாது. இவற்றை உள்ளே விட்டால் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, புதுக் காற்றுக்கான இடம் குறைந்து ஆக்ஸிஜனின் விகிதம் குறைகிறது. தீ நிதானமாக எரிகிறது. இரண்டு, கார்பன் டை ஆக்ஸைடும் நீராவியும் காற்றைவிட அதிக வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். இதனால் உச்ச வெப்பநிலை இறங்குகிறது. நாக்ஸும் இறங்குகிறது.

அடுப்பில் காற்றை ரொம்பவும் அடைத்தால் என்ன ஆகும்? புகையும் அல்லவா? இங்கேயும் அப்படித்தான். டீசல் எஞ்சினில் இ.ஜி.ஆரைக் கூட்டினால் நாக்ஸ் குறையும், ஆனால் கரித்துகள் கூடும். குறைத்தால் கரித்துகள் குறையும், நாக்ஸ் கூடும். டீசல் எஞ்சின் இன்ஜினீயர்களின் தலைவலி முழுக்க இந்த ஒரு வரியில் இருக்கிறது.

பெட்ரோல் காருக்கு இந்தத் தலைவலி குறைவு. காற்றும் பெட்ரோலும் 14.7-க்கு 1 என்ற எடை விகிதத்தில் எரிவதால், சைலன்ஸர் வழியில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரே நாக்ஸைச் சிதைத்துவிடும். டீசல் எஞ்சின் எப்போதும் தேவைக்கு அதிகமான காற்றில் எரிவதால் அந்த கன்வெர்ட்டர் அங்கே நாக்ஸிடம் பலிக்காது. எனவேதான் டீசல் காருக்கு இ.ஜி.ஆர். உயிர்நாடி. பெட்ரோல் காரில் அது வேறொரு லாபத்தையும் தருகிறது: காற்றை இழுக்க எஞ்சின் படும் சிரமம் குறைந்து, மைலேஜ் கொஞ்சம் கூடும். பல பெட்ரோல் கார்களில் தனி இ.ஜி.ஆர். வால்வே இருக்காது; எஞ்சின் வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை மாற்றியே புகையில் கொஞ்சத்தை உள்ளே நிறுத்திவைப்பார்கள்.

பாகங்கள் என்னென்ன?

1. குழாய்: புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் பக்கத்தையும், காற்று நுழையும் இன்டேக் பக்கத்தையும் இணைப்பது.

2. கூலர்: பல நூறு டிகிரி சூட்டில் வரும் புகையை ரேடியேட்டர் தண்ணீரால் குளிர்விப்பது. குளிர்ந்த புகை குறைந்த இடத்தில் அடங்கும்; தீயையும் நன்றாகத் தணிக்கும்.

3. வால்வு: எவ்வளவு புகை போக வேண்டும் என்று திறந்து மூடுவது. பழைய கார்களில் இது வேக்குவத்தால் இயங்கியது. இப்போது சின்ன மின்மோட்டார் இயக்குகிறது.

4. சென்ஸார்கள்: வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு காற்று உள்ளே வருகிறது, எஞ்சின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று இ.சி.யூ.வுக்குச் சொல்பவை.

முதல் இரண்டும் வெறும் பிளம்பிங். மூன்றாவதும் நான்காவதும்தான் நமக்குப் பழக்கமான அவுட்புட், இன்புட்.

இ.சி.யூ. போடும் கணக்கு

புகை எவ்வளவு போகிறது என்று நேரடியாக அளப்பது கடினம். கரி படிந்து சென்ஸார் பாழாகிவிடும். அதனால் டீசல் கார்களில் ஒரு புத்திசாலித்தனமான குறுக்குவழியைக் கையாள்கிறார்கள்: புகையை அளக்காமல், புதுக் காற்றை அளக்கிறார்கள்.

உதாரணமாக, 2020 வரை மாருதியின் ஸ்விஃப்ட் டீசல் போன்ற கார்களில் வந்த 1248 சி.சி. எஞ்சினை எடுத்துக்கொள்வோம். நான்கு சிலிண்டர் என்பதால் ஒன்றுக்கு 312 சி.சி. நம் ஊர் வெப்பத்தில் அந்த இடம் முழுக்கக் காற்று நிரம்பினால் சுமார் 360 மில்லிகிராம் இருக்கும். டர்போ வேலை செய்யாத நேரம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது காற்று சென்ஸார் 240 மில்லிகிராம்தான் காட்டுகிறது என்றால் மீதி இடத்தை, அதாவது மூன்றில் ஒரு பங்கை, புகை பிடித்துக்கொண்டது என்று அர்த்தம்.

இ.சி.யூ.வின் மெமரியில் ஒரு பெரிய அட்டவணை இருக்கும். எக்ஸெல் ஷீட் போல நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் எஞ்சின் வேகம், பத்தியில் எரிபொருள் அளவு, கட்டத்துக்குள் 'இவ்வளவு மில்லிகிராம் புதுக் காற்று வேண்டும்' என்ற எண். சென்ஸார் காட்டுவது அதைவிட அதிகமாக இருந்தால் வால்வைக் கொஞ்சம் திற. குறைவாக இருந்தால் கொஞ்சம் மூடு. இதையே ஒரு சின்ன ப்ரோக்ராமாக எழுதினால் இப்படி இருக்கும்:

எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்றால்: வால்வை மூடு
ஆக்ஸிலரேட்டர் முழுக்க அழுத்தப்பட்டால்: வால்வை மூடு
சென்ஸாரில் பழுது என்றால்: வால்வை மூடு, விளக்கை எரியவிடு
மற்ற நேரங்களில்:
 வித்தியாசம் = வந்த காற்று - வேண்டிய காற்று
 வித்தியாசம் கூடுதல் என்றால்: வால்வைத் திற
 வித்தியாசம் குறைவு என்றால்: வால்வை மூடு
மறுபடி முதலிலிருந்து

உண்மையான ப்ரோக்ராம் இதைவிடப் பல மடங்கு பெரியது. அடிப்படை இதுதான்.

கோவளத்திலிருந்து தாம்பரம் வரை

நான் இருப்பது கோவளம் பக்கம். இங்கிருந்து கேளம்பாக்கம், வண்டலூர் வழியாகத் தாம்பரம் போகும் பாதையில் ஒரு டீசல் காரின் வால்வு என்ன செய்யும் என்று பார்ப்போமா?

காலையில் ஸ்டார்ட் செய்தவுடன்: எஞ்சின் குளிர்ந்திருக்கும். வால்வு பெரும்பாலும் மூடியிருக்கும்.

கேளம்பாக்கம் சிக்னலில் நிற்கும்போது: சுமை மிகக் குறைவு, காற்று தாராளம். டீசலில் வால்வு நன்றாகத் திறந்திருக்கும். உள்ளே போவதில் பாதி வரைகூடப் புகையாக இருக்கலாம். அதிக நேரம் நின்றால் கரி படியாமலிருக்க இ.சி.யூ. மூடிவிடுவதும் உண்டு. இதே இடத்தில் பெட்ரோல் கார் என்றால் வால்வு மூடியே இருக்கும். இல்லாவிட்டால் எஞ்சின் குலுங்கி நின்றுவிடும்.

மாம்பாக்கம் தாண்டி 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது: இ.ஜி.ஆருக்கு மிகவும் பிடித்த நேரம். வால்வு திறந்து நிதானமாக வேலை செய்யும்.

முன்னால் போகும் பஸ்ஸை முந்த மிதிக்கும்போது: முழு ஆக்ஸிஜனும் தேவை. வால்வு மூடிக்கொள்ளும்.

பெருங்களத்தூரிலிருந்து தாம்பரம் வரை ஜி.எஸ்.டி. சாலையில் ஊரும்போது: திற, மூடு, திற, மூடு. புகையின் வேகம் குறைவு, சூடும் குறைவு. கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் வால்வில் ஒட்டிக்கொள்வது இந்த மாதிரி ஓட்டத்தில்தான்.

நீங்களே பார்க்கலாம்

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். அதில் செருகும் புளூடூத் அடாப்டர் ஒன்றும், செல்போனில் ஒரு அப்ளிகேஷனும் போதும். 'கமாண்டெட் இ.ஜி.ஆர்.' என்ற தகவலை எடுத்துப் பாருங்கள். இ.சி.யூ. வால்வை எவ்வளவு திறக்கச் சொல்கிறது என்பதை அது காட்டும். எல்லாக் கார்களும் இதைத் தருவதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இந்தத் தகவல் ஒரே ஒரு பைட்டில், அதாவது 0 முதல் 255 வரை, வருகிறது. ஹெக்ஸாடெசிமலில் 66 என்று வந்தால் அதன் மதிப்பு 102. அதை 100-ஆல் பெருக்கி 255-ஆல் வகுத்தால் 40 சதவீதம். பக்கத்திலேயே 'இ.ஜி.ஆர். எரர்' என்ற தகவலும் இருக்கும். சொன்னதற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசம் அது. வால்வு அடைத்திருந்தால் இங்கே தெரிந்துவிடும்.

எஞ்சின் விளக்கு எரிந்தால் கீழ்க்கண்ட கோடுகளைக் கவனியுங்கள்:

பி0401: புகை போதுமான அளவு வரவில்லை (பெரும்பாலும் அடைப்பு)
பி0402: புகை அளவுக்கு மீறி வருகிறது (வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம்)
பி0403: வால்வின் மின் இணைப்பில் கோளாறு

ஓட்டிக்கொண்டே செல்போனைப் பார்க்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

"பிளாக் பண்ணிடலாம் சார்!"

எங்கள் வீட்டு டீசல் காரில் பி0401 வந்தது. மிதித்தால் வண்டி தயங்கியது. வொர்க்‌ஷாப் ஒன்றில் காட்டினோம். மெக்கானிக் பார்த்துவிட்டு, "இ.ஜி.ஆரைப் பிளாக் பண்ணிடலாம் சார், ஒரு தகடு வெச்சா போதும், வண்டி சும்மா பறக்கும்" என்றார். "தகடு வெச்சா மறுபடி எரர் வருமே அண்ணே?" என்று கேட்டேன். "அதையும் ஸாஃப்ட்வேர்ல ஆஃப் பண்ணிக்கலாம் சார். பொல்யூஷன் டெஸ்ட்லயும் பாஸ் ஆயிடும்" என்றார்.

அவர் சொன்ன கடைசி வார்த்தை பொய்யில்லை. நாம் ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை எடுக்கும் புகைச் சான்றிதழில் டீசல் காருக்குப் பார்ப்பது புகையின் அடர்த்தியை. பெட்ரோல் காருக்குப் பார்ப்பது கார்பன் மோனாக்ஸைடையும் ஹைட்ரோகார்பனையும். நாக்ஸ் அதில் கிடையாது! இ.ஜி.ஆரை அடைத்த டீசல் காரில் கரும்புகை குறைவதால் அந்தச் சோதனையில் அது முன்பைவிடச் சுத்தமாகக்கூடத் தெரியும். பின்னால் டூ வீலரில் வருகிறவரும், பஸ் ஸ்டாப்பில் குழந்தையுடன் நிற்கிறவரும் கூடுதல் நாக்ஸைச் சுவாசிப்பார்கள். எந்த விளக்கும் எரியாது.

நாங்கள் தகடு வைக்கவில்லை. வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொன்னோம். உள்ளே தார் போலக் கரி அப்பியிருந்தது. சுத்தம் செய்து மாட்டியதும் எரர் மறைந்தது, தயக்கமும் போயிற்று.

ஸாஃப்ட்வேர் செய்த மோசடி

ஒரு வொர்க்‌ஷாப்பில் தகடு வைப்பது ஒரு காரின் கதை. அதையே ஸாஃப்ட்வேரில் செய்தால்?

அமெரிக்காவின் வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தினர் டீசல் கார்களின் பின்னால் அளவுக் கருவியைப் பொருத்திச் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா ஆகியோரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். 2014-ல் முடிவு வெளிவந்தது. ஃபோக்ஸ்வாகன் ஜெட்டா காரில் நாக்ஸ், அனுமதித்த அளவைவிட 15 முதல் 35 மடங்கு வரை இருந்தது. ஆய்வகச் சோதனையில் அதே கார் சமர்த்தாகத் தேர்வாகியிருந்தது!

2015 செப்டம்பரில் காரணம் வெளியுலகுக்குத் தெரிந்தது. சோதனைக்கூடத்தில் கார் உருளைகள் மேல் ஓடும். சக்கரம் சுற்றும், ஸ்டியரிங் திரும்பாது. இ.சி.யூ.வில் இருந்த ப்ரோக்ராம் ஸ்டியரிங்கின் நிலை, வேகம், ஓடிய நேரம், காற்றழுத்தம் இவற்றை வைத்து 'இது சோதனை' என்று கண்டுபிடித்துவிடும். உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் இப்படிப்பட்ட ஸாஃப்ட்வேர் இருந்தது. இ.ஏ.189 என்ற எஞ்சின் குடும்பத்தின் ஐரோப்பிய கார்களில் நடந்தது இன்னும் எளிது: சோதனை என்றால் இ.ஜி.ஆர். அதிகம், சாலை என்றால் இ.ஜி.ஆர். குறைவு. ஒரே ஒரு 'இஃப்' கட்டளை!

இந்த எஞ்சின் நம் நாட்டிலும் ஓடியது. புனேவில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. சோதனை செய்தபின், 2015 டிசம்பரில் ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடி கார்களில் 3,23,700 வண்டிகளைத் திரும்ப அழைத்து ஸாஃப்ட்வேரை மாற்றுவதாக நிறுவனம் அறிவித்தது. 2019 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இந்திய விதிகளை மீறவில்லை என்று சொன்ன நிறுவனம் உச்ச நீதிமன்றம் சென்றது. கடும் நடவடிக்கைக்கு 2019-ல் தடை கிடைத்தது.

ஸாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கும் எனக்கு இதில் மெக்கானிசத்தைவிட அந்த 'இஃப்' தான் உறுத்துகிறது. வால்வு நன்றாகத்தான் இருந்தது. அதற்குக் கொடுத்த கட்டளைதான் தப்பு.

விதிகள் இறுகிய கதை

டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு வெளியிடலாம் என்று அனுமதித்த நாக்ஸ் அளவு: பி.எஸ்.-3-ல் 0.50 கிராம், பி.எஸ்.-4-ல் 0.25 கிராம், பி.எஸ்.-6-ல் 0.08 கிராம். சென்னை உட்பட 13 நகரங்களில் பி.எஸ்.-4 விதி 2010-லும், நாடு முழுவதும் 2017-லும் வந்தது. பி.எஸ்.-5-ஐத் தாண்டி 2020 ஏப்ரலில் நேராக பி.எஸ்.-6-க்குப் போனோம். 2023 ஏப்ரலிலிருந்து ஆய்வகத்தோடு நிற்காமல், கருவியைக் காரிலேயே கட்டிச் சாலையில் ஓட்டி அளக்கும் சோதனையும் சேர்ந்திருக்கிறது. வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தினர் செய்த அதே முறைதான்.

இ.ஜி.ஆருக்குப் போட்டியாக எஸ்.சி.ஆர். என்ற வழியும் உண்டு. நாக்ஸ் உருவாகட்டும் என்று விட்டுவிட்டு, வெளியே போகும் வழியில் யூரியாக் கரைசலைத் தெளித்து அதை நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றுவது. நம் சென்னை அசோக் லேலண்ட் 2017-ல் தன் பி.எஸ்.-4 லாரிகளுக்கு யூரியா வேண்டாத ஐ-இ.ஜி.ஆர். என்ற வழியைத் தேர்ந்தெடுத்தது. பி.எஸ்.-6 வந்தபோது விதி மிகவும் இறுகியதால், பெரிய வண்டிகளில் எஸ்.சி.ஆரைத் தவிர்க்க முடியவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. நகருக்குள்ளேயே ஓடும் டீசல் காரை வாரம் ஒருமுறையாவது எஞ்சின் நன்றாகச் சூடான பின் அரை மணி நேரம் சீராக ஓட்டுங்கள். ஈ.சி.ஆர். சாலை இருக்கவே இருக்கிறது.

2. தயக்கம், கரும்புகை, நிற்கும்போது குலுக்கல் இவை தெரிந்தால் முதலில் கோடைப் படியுங்கள். வால்வை மாற்றச் சொன்னால், சுத்தம் செய்து பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

3. சுத்தம் செய்யும்போது கிளீனர் ஸ்பிரே வால்வின் மோட்டார் பக்கம் போகக் கூடாது. மாட்டிய பின் சில கார்களில் ஸ்கேனர் மூலம் வால்வுக்கு மூடிய நிலையைக் 'கற்றுக்கொடுக்க' வேண்டியிருக்கும்.

4. காற்று சென்ஸாரையும் ஏர் ஃபில்டரையும் கவனியுங்கள். காற்றின் அளவு தப்பாக வந்தால், நாம் மேலே பார்த்த கணக்கு முழுவதும் தப்பாகிவிடும்.

5. பழைய கார் வாங்கும்போது இ.ஜி.ஆர். அடைக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். சூடான டீசல் எஞ்சினைச் சிறிது தூரம் சீராக ஓட்டும்போதும் 'கமாண்டெட் இ.ஜி.ஆர்.' எப்போதும் பூஜ்யமாகவே இருந்தால் சந்தேகப்படலாம்.

6. தகடும் வைக்காதீர்கள், ஸாஃப்ட்வேரில் அணைக்கவும் சம்மதிக்காதீர்கள். கிடைக்கும் வேகம் உங்களுக்குக் கொஞ்சம்; வெளியே போகும் நாக்ஸ் எல்லோருக்கும்.